சாட்சியான முயல்

ஜெர்மனியின் வடகோடியில், பால்டிக் கடலில், ரூகன் என்னும் தீவு உள்ளது. 1901ஆம் ஆண்டு ஜூலை மாதம் அங்கே சகோதரர்களான இரு சிறுவர்கள் கொடூரமாகக் கொல்லப்பட்டனர். லுட்விக் டெஸ்னோ என்ற தச்சர்மீது ஐயம் எழுந்தது. அவருடைய ஆடையிலிருந்த கறைகளைக் காட்டிக் கேட்டபோது, மரத்திற்குப் பூசும் சாயம் என்றார். 1898இல் வேறோர் ஊரில் இரு சிறுமியர் கொலையுண்டபோதும் இதே விடையைக் கூறித் தப்பியவர் அவர்.

கறை இரத்தந்தானா என்று அறிய அக்காலத்திலேயே வழி இருந்தது. ஆனால் மனிதனுடையதா, விலங்கினுடையதா என்று பிரித்தறியும் வழியை, கிரைஃப்ஸ்வால்ட் நகரில் பணியாற்றிய பவுல் உலென்ஹுத் என்னும் மருத்துவர் அவ்வாண்டில்தான் வெளியிட்டிருந்தார். முயலின் உடலில் மனித இரத்தத்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தினால், அந்த அந்நியப் புரதங்களுக்கு எதிராக முயல் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. அம்முயலின் சீரத்தை மனித இரத்தக் கரைசலில் இட்டால் வீழ்படிவு தோன்றும். ஆட்டு இரத்தக் கரைசலோ தெளிவாகவே நிற்கும். டெஸ்னோவின் ஆடைகளில் மனித இரத்தமும் ஆட்டு இரத்தமும் இருப்பதை உலென்ஹுத் கண்டறிந்தார். அதே தீவில் சில வாரங்களுக்கு முன்பு ஆடுகள் வெட்டிச் சிதைக்கப்பட்டிருந்தன. பேச இயலாத பிள்ளைகளுக்காக முயலின் இரத்தம் பேசியது எனலாம்.

நீதிமன்றத்திற்கு உதவிய அதே தன்மையே ஆய்வுக்கூடத்திற்கும் உதவியது. 1959இல் இலண்டனில் ராட்னி போர்ட்டர், பப்பாளிப் பாலிலுள்ள பப்பாயின் என்னும் நொதியால் முயலின் எதிர்ப்பொருளை மூன்று துண்டுகளாக்கி அதன் அமைப்பை விளக்கினார். இன்று செல்லிலிருந்து எடுத்த புரதங்களைக் கூழ்மத்தில் பிரித்து, மெல்லிய தாளுக்கு மாற்றி, அவற்றுள் தேடும் புரதத்தை முயலின் எதிர்ப்பொருள் கொண்டு கண்டறிகின்றனர்.

முயலின் சீரத்திலிருப்பது ஒரே எதிர்ப்பொருளன்று, பலவற்றின் கூட்டம். ஒவ்வொன்றும் புரதத்தின் வெவ்வேறு பகுதியைப் பற்றும். பல செல் குளோன்கள் இவற்றை உண்டாக்குவதால் வந்ததே பாலிகுளோனல் என்னும் பெயர். புரதம் மிகச் சிறிதளவே இருப்பினும் இக்கூட்டம் அதைக் கண்டுகொள்ளும். ஆயினும் அக்கூட்டத்தில் சில, தொடர்பற்ற புரதங்களையும் பற்றிக்கொள்ளும். மேலும் இரு முயல்களின் சீரம் ஒன்றுபோல் அமைவதில்லை. ஒரு முயல் இறந்தால் அதன் சீரமும் ஒருநாள் தீர்ந்துவிடும். அதைக்கொண்டு செய்த ஆய்வை மற்றொருவர் அவ்வாறே செய்து சரிபார்க்க இயலாது. இக்குறைகளைச் சுட்டி, மரபணு வரிசை அறியப்பட்ட எதிர்ப்பொருள்களுக்கு மாற வேண்டும் என 2015இல் நூற்றுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் ‘நேச்சர்’ இதழில் வலியுறுத்தினர்.

குறுக்கு விசாரணைக்கு உட்படாத சாட்சியை நீதிமன்றம் ஏற்பதில்லை. தேடும் புரதமே இல்லாத செல்லிலும் சீரம் அடையாளம் காட்டினால், அது பொய்ச்சாட்சி என்று நாம் அறிகிறோம். அச்சோதனையைச் செய்யாமல் எழுதப்படும் முடிவை நம்பிப் பிறர் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றனர். விலங்குகளின் உயிரும் வீணாகிறது. தன் குருதியைத் தரும் முயலுக்கு நாம் ஆற்றும் குறைந்தபட்சக் கடமை, அதன் பெயரால் பொய் உரைக்காதிருப்பதே அன்றோ!