நிறையச் சுட்ட ரிவால்வரில் முதலில் பழுதாவது எது?

ரிவால்வர் மக்கர் பண்ணாது என்பார்கள். பாதிதான் உண்மை.

அமெரிக்க போலீசார் பலர் இடுப்பில் சுமந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 19-ஐப் பாருங்கள். 1955-ல் வந்த .357 மேக்னம் ரகம். சிலிண்டரிலிருந்து பாயும் தோட்டா பேரலுக்குள் நுழையும் வாய்ப்பகுதியின் அடிப்பக்கம் இதில் ரொம்ப மெல்லிசு. சிலிண்டர் மூட இடம் வேணுமே என்று அங்கே செதுக்கிவிட்டார்கள். சுமார் 8 கிராம் எடையுள்ள, வேகமான மேக்னம் தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டபோது, சரியாக அங்கேதான் விரிசல் விட்டது. வெல்டிங் எல்லாம் உதவாது, பேரலையே மாற்றணும். பின்னாளில் அந்த நிறுவனமே 'எல்' ஃபிரேம் என்று தடிமனான உடலை இறக்கியது.

மற்ற தேய்மானங்களுக்கு வைத்தியம் உண்டு. சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடினால் மெல்லிய வாஷர் போடுவார்கள். சுத்தியலை மெதுவாக இழுக்கும்போது, அது கடைசிவரை போய் நிற்பதற்குள் சிலிண்டர் 'லாக்' ஆக வேண்டும். ஆகவில்லையென்றால், சிலிண்டரைத் தள்ளிச் சுழற்றும் பாகம் தேய்ந்திருக்கலாம். அப்படியே சுட்டால் தோட்டா கோணலாக நுழைந்து ஈயத்தைப் பக்கவாட்டில் தெறிக்கும்.

சிலிண்டர் இறுகிப்போனால் உடனே பழுது என்று பயப்பட வேண்டாம். காலித் தோட்டாக்களை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவப் பாகத்தின் அடியில் எரியாத மருந்துத்துகள் சிக்கியிருக்கும். துப்பாக்கியைக் காலி செய்துவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாலே போதும்!