கண்புரை அறுவையின் கதை: பெரியவர்களின் அச்சமும் மருத்துவத்தின் வளர்ச்சியும்



கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா ஆகிய வட்டாரங்களில் தோட்டங்களிலிருந்து வெளியேறித் தாமான்களில் குடியேறிய குடும்பங்கள் பல உள்ளன. அக்குடும்பங்களின் தாத்தா பாட்டிகளுள் பலர் கண்புரையோடு காலம் தள்ளுகின்றனர். அறுவைச் சிகிச்சை என்றதும், “கண்ணில் கத்தி வைக்க விடமாட்டேன்” என்று மறுத்துவிடுகின்றனர். “புரை முற்றட்டும், பிறகு பார்க்கலாம்” என்பாரும் உண்டு. பாட்டியைக் கைப்பிடித்துக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்வதற்காகவே பள்ளிக்கு வராத மாணவர்களையும் ஆசிரியர்களாகிய நாம் அறிவோம்.

பெரியவர்களின் இந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. வரலாற்றைப் புரட்டிப் பார்த்தாலோ, அந்த அச்சத்திற்குத் தக்க காரணம் ஒரு காலத்தில் இருந்தது என்பது விளங்கும். அக்காரணம் எப்போது, எவ்வாறு நீங்கியது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

புரை என்பது யாது?

நம் மக்கள் “கண்ணில் சதை வளர்ந்திருக்கிறது” என்று பொதுவாகச் சொல்வர். வெள்ளை விழியின்மேல் படரும் சதை வேறு, புரை வேறு. கண்மணிக்குப் பின்னால் பளிங்குபோல் ஒரு வில்லை உள்ளது. வயது, நீரிழிவு, புகைப்பழக்கம், நெடுங்கால வெயில், சில மருந்துகள் ஆகியவற்றால் அவ்வில்லை மங்குவதே கண்புரை. அதைக் கரைக்கும் சொட்டு மருந்து இன்றுவரை இல்லை. மங்கிய வில்லையை அகற்றுவதே ஒரே வழி.

ஊசியால் தள்ளிய காலம்

கண்புரைக்கு மருத்துவம் செய்யும் முறையைச் சுசுருத சங்கிதையின் உத்தர தந்திரப் பகுதி விவரிக்கிறது. கூரிய கருவியைக் கண்ணுக்குள் செலுத்தி, மங்கிய வில்லையைப் பார்வைப் பாதையிலிருந்து தள்ளிவிடுவதே அம்முறை. வில்லை வெளியே எடுக்கப்படுவதில்லை, கண்ணுக்குள்ளேயே கிடக்கும். சிலருக்கு உடனே வெளிச்சம் தெரியும். ஆயினும் கிருமித் தொற்று, கண் அழுத்தம், அழற்சி ஆகியவற்றால் பிறகு பலர் கண்ணையே இழந்தனர்.

தமிழகத்தில் கண் மருத்துவத்திற்கு நெடிய வரலாறு உண்டு. சென்னை எழும்பூரில் உள்ள அரசு கண் மருத்துவமனை 1819ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. ஆசியாவின் மிகப் பழமையான கண் மருத்துவமனைகளுள் அதுவும் ஒன்று. ஏறத்தாழ அதே காலத்தில் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் கண் மருத்துவத்தில் பேரார்வம் கொண்டிருந்தார். கண் நோயாளிகளைப் பற்றிய அக்காலக் குறிப்புகளும் கண் ஓவியங்களும் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன.

எனினும் சிற்றூர்களில் வாழ்ந்த ஏழைகளுக்கு எழும்பூரும் எட்டாது, தஞ்சையும் எட்டாது. ஊர் ஊராகச் சென்று ஊசியால் புரை தள்ளும் நாட்டு வைத்தியர்களையே அவர்கள் நம்பியிருந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக் கண் மருத்துவமனைக்குத் தலைமை வகித்த இராபர்ட் எலியட் என்னும் மருத்துவர், இவ்வாறு பாழான கண்களை ஆராய்ந்து, 1917இல் இலண்டனில் அதைப் பற்றி விரிவுரை ஆற்றினார். பிறகு அது நூலாகவும் வெளிவந்தது.

இங்கு நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி 1907இல் அமைக்கப்பட்டது. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் சிலாங்கூர் இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்திறங்கிய நம் முன்னோர், எலியட் கண்ட அதே தமிழ்ச் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள். கண்ணில் கருவி பட்டால் பார்வை போய்விடும் என்பதை அவர்கள் யாரோ சொல்லிக் கேட்டு நம்பியவர்கள் அல்லர்; தத்தம் ஊரில் கண்ணால் கண்டவர்கள்.

சோடாப்புட்டிக் கண்ணாடிக் காலம்

பிரான்சு நாட்டு மருத்துவர் சாக் தவியேல் 1747இல் புரையைத் தள்ளாமல் வெளியே எடுக்கும் முறையைத் தொடங்கிவைத்தார். 1884இல் கார்ல் கோலர் கண்ணை மரத்துப் போகச் செய்யும் மருந்தைக் கண்டறிந்தார். அதன் பிறகே நோயாளி வலியின்றி அறுவை செய்துகொள்ள வழி பிறந்தது.

இருந்தும் தொல்லைகள் தீரவில்லை. வில்லையை முழுதாக வெளியேற்றக் கண்ணின் விளிம்பில் ஏறத்தாழ அரைவட்ட அளவுக்கு வெட்ட வேண்டியிருந்தது. நோயாளி தலையை அசைக்காமல் நாள்கணக்கில் மல்லாந்து கிடக்க வேண்டும். தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை வைப்பதும் உண்டு. கட்டு அவிழ்த்த பின், கண்ணில் வில்லையே இல்லாததால் தடித்த சோடாப்புட்டிக் கண்ணாடி அணிய வேண்டும். அக்கண்ணாடியில் பொருள்கள் ஏறத்தாழ கால் பங்கு பெரிதாகத் தெரியும். பக்கப் பார்வை குறையும். படி இறங்கும்போது கால் தடுமாறும்.

இதைத் தோட்ட வாழ்க்கையோடு பொருத்திப் பாருங்கள். பால்மரம் வெட்டுபவர் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்தின் உட்பகுதி காயப்படாமல் பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவ வேண்டும். செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழம் பொறுக்குவோர் மேடு பள்ளம் அறிந்து நடக்க வேண்டும். கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ அவர் மீண்டும் குருடர்தாம். தோட்டத்து மருத்துவமனையில் டிரசர் காயத்திற்கு மருந்து கட்டுவார், காய்ச்சலுக்கு மருந்து தருவார். கண் அறுவைக்கு நகரத்துப் பெரிய மருத்துவமனைக்குத்தான் செல்ல வேண்டும்.

“புரை முற்றட்டும்” என்ற அறிவுரையும் இக்காலத்தில் பிறந்ததே. அறுவைக்குப் பின் கிடைக்கும் பார்வையே குறையுடையது என்பதால், ஓரளவு பார்வை உள்ளவரை மருத்துவர்கள் கத்தியைத் தொடாமல் காத்திருந்தனர். அன்றைக்கு அது நல்ல அறிவுரை. இன்று அது தீங்கானது. ஏனெனில் மிக முற்றிக் கடினமான புரையை எடுப்பதே இப்போது கூடுதல் சிக்கலுக்கு இடமளிக்கிறது.

செயற்கை வில்லையும் சிறு வெட்டும்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகள் சிலரின் கண்களில் விமானக் கூரையின் பிளாஸ்டிக் துண்டுகள் தைத்தன. அத்துண்டுகளைக் கண் பெரிதாக எதிர்க்கவில்லை என்பதை ஹெரால்ட் ரிட்லி என்னும் மருத்துவர் கவனித்தார். அதே வகைப் பொருளால் வில்லை செய்து, 1949 நவம்பர் 29ஆம் நாள் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் கண்ணுக்குள் பொருத்தினார். சக மருத்துவர்கள் பலர் அவரைக் கடுமையாக எதிர்த்தனர். அம்முறை உலகில் நிலைபெறப் பல பத்தாண்டுகள் ஆயின. சோடாப்புட்டிக் கண்ணாடிக்கு விடைகொடுத்தது அந்தச் சிறு வில்லையே.

1967இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன், பல் மருத்துவரிடம் கண்ட மீயொலிக் கருவியைக் கொண்டு, கண்ணுக்குள்ளேயே புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கும் முறையை உருவாக்கினார். ‘பேக்கோ’ என்று மருத்துவமனைகளில் வழங்குவது இதுதான். பழைய முறையில் 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை வெட்டித் தையல் போட வேண்டும். பேக்கோ முறையில் 3 மில்லிமீட்டருக்கும் குறைவான துளையே போதும். மடித்து உள்ளே செலுத்தும் வில்லைகள் 1980களில் வந்த பின், தையலும் பெரும்பாலும் தேவையற்றுப் போயிற்று.

மதுரை காட்டிய வழி

இத்தகைய மருத்துவம் ஏழைக்குக் கிட்ட வேண்டுமே! அந்தக் கேள்விக்கு விடை தந்தவர் ஒரு தமிழர்.

கோவிந்தப்ப வெங்கடசாமி 1918இல் எட்டயபுரத்திற்கு அருகிலுள்ள வடமலாபுரத்தில் பிறந்தார். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது அவர் விருப்பம். கடும் முடக்குவாதம் அவர் விரல்களைக் கோணச் செய்தது. மனம் தளராமல் கண் மருத்துவம் பயின்று, அந்த விரல்களாலேயே கருவி பிடிக்கப் பழகினார். தம் வாழ்நாளில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976இல், 58ஆம் வயதில், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 2006இல் மறைந்தார்.

அங்கு ஒரு மருத்துவர் ஒரு நோயாளிக்கு அறுவை செய்யும்போதே அடுத்த நோயாளி பக்கத்து மேசையில் ஆயத்தமாக இருப்பார். சிற்றூர்ப் பெண்களைத் தேர்ந்து ஈராண்டு பயிற்சி அளித்து, அறுவை நீங்கலான பணிகளை அவர்களிடம் ஒப்படைத்தனர். கட்டணம் செலுத்துவோரின் பணத்தால் ஏழைகளுக்கு இலவச மருத்துவம் நடைபெற்றது. 1992இல் தொடங்கிய ஆரோலேப் நிறுவனம், அதுவரை ஏறத்தாழ 100 டாலர் விலையில் இறக்குமதியான செயற்கை வில்லையைச் சுமார் 10 டாலருக்குத் தயாரித்தது.

விலையுயர்ந்த இயந்திரம் இல்லாத இடங்களுக்கு வேறொரு முறையும் செழித்தது. 6 அல்லது 7 மில்லிமீட்டர் அளவில், தானே மூடிக்கொள்ளும் சுரங்கம் போன்ற வெட்டின் வழியே கையாலேயே புரையை எடுக்கும் முறை அது. தையல் வேண்டா, செலவும் குறைவு. தேர்ந்த கைகளில் அதன் பலன் பேக்கோவுக்கு ஏறத்தாழ இணையானது.

கற்றுக்கொள்ளும் கையும் நோயாளியின் கண்ணும்

ஆசிரியர்களாகிய நம் சிந்தனைக்குரிய பகுதி இது. ஒவ்வொரு வல்லுநரும் ஒரு நாள் மாணவராக இருந்தவரே. மாணவர் பிழை செய்தால் நாம் ஏட்டில் சிவப்பு மையால் திருத்தலாம். கண் அறுவையில் அது இயலாது. வில்லையைத் தாங்கும் பின்னுறை மயிரிழையைவிடப் பன்மடங்கு மெல்லியது. அது கிழிந்தால் பார்வைக்கே இடர்.

மதுரை அரவிந்தில் நடந்த ஏறத்தாழ 80,000 அறுவைகளை ஆராய்ந்து 2012இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். பேக்கோ முறையில் சிக்கல் விகிதம் மொத்தத்தில் 1.1 விழுக்காடு; பயிற்சி மருத்துவர்களிடத்தில் அது 4.8 விழுக்காடு. கைமுறைச் சிறு வெட்டு அறுவையில் பயிற்சி மருத்துவர்களின் சிக்கல் விகிதம் 1.5 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. தம் குறையைத் தாமே எண்ணி வெளியிட்ட அந்த நேர்மை பாராட்டுக்குரியது.

அண்மைக் காலத்தில் விமானிகளைப் போலவே மருத்துவர்களும் பாவனைக் கருவியில் பழகுகின்றனர். பிரிட்டனில் இக்கருவி கிடைத்த பின், தொடக்கநிலைப் பயிற்சி மருத்துவர்களிடம் பின்னுறை கிழியும் விகிதம் 4.2 விழுக்காட்டிலிருந்து 2.6 ஆகக் குறைந்ததை ஓர் ஆய்வு காட்டியது.

கிருமித் தொற்று மற்றோர் ஆபத்து. 2008இல் தமிழ்நாட்டில், இலவச முகாம் வழியாகப் பெரம்பலூருக்கு அழைத்துச் செல்லப்பட்டு அறுவை செய்துகொண்ட 60க்கும் மேற்பட்டோர் பார்வை இழந்த துயரம் நினைவிருக்கலாம். மலிவும் வேகமும் தூய்மையைக் கைவிட்டால் விளைவது இதுவே. அதே வேளையில், அறுவை முடிவில் கண்ணுக்குள் சிறிதளவு நுண்ணுயிர்க்கொல்லி செலுத்தும் வழக்கம் பரவியுள்ளது. அரவிந்த் மருத்துவமனைகளின் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை ஆராய்ந்து 2017இல் வெளியான கட்டுரையின்படி, இதனால் கடும் உட்கண் தொற்று 10,000க்கு 7 என்ற நிலையிலிருந்து 2 ஆகக் குறைந்தது.

புதியன எல்லாம் மேலானவை என்றும் எண்ணிவிடலாகாது. லேசர் கதிரின் துணையோடு செய்யும் புரை அறுவைக்குப் பெரும் விளம்பரம் உண்டு. 2020இல் பிரான்சிலும் பிரிட்டனிலும் வெளிவந்த ஆய்வுகள், அது வழக்கமான பேக்கோவைவிடச் சிறந்ததென்று காட்டவில்லை. கடன் வாங்கியாவது லேசர் செய்ய வேண்டும் என்று எண்ணும் பிள்ளைகள் இதை அறிவது நன்று.

நம் நாட்டில்

மலேசியச் சுகாதார அமைச்சு 2002 முதல் கண்புரை அறுவைப் பதிவேட்டைப் பேணிவருகிறது. அறுவை முறை, சிக்கல், பின்னர் கிடைத்த பார்வை ஆகியன அதில் பதிவாகின்றன. 2002இல் பேக்கோ முறை பாதிக்கும் குறைவாகவே இருந்தது. 2011க்குள் நான்கில் மூன்று பங்கைக் கடந்துவிட்டது. மருத்துவர் ஒவ்வொருவரின் அறுவைத் திறனையும் கண்காணிக்கும் முறையும் இப்பதிவேட்டின் வழி நடைமுறைக்கு வந்தது.

இவ்வளவு வளர்ந்தும், 2014இல் நடந்த தேசியக் கண் ஆய்வில், 50 வயதுக்கு மேற்பட்டோரில் 1.2 விழுக்காட்டினர் பார்வையற்றோர் எனக் கண்டனர். அவர்களுள் 58.6 விழுக்காட்டினரின் பார்வையின்மைக்குக் காரணம், சிகிச்சை பெறாத கண்புரை. அதாவது, மீட்கக்கூடிய பார்வை மீட்கப்படாமல் கிடக்கிறது. நம் சமூகத்தில் நீரிழிவு மிகுதி என்பதால் நமக்குக் கவலையும் மிகுதியாக இருக்க வேண்டும்.

ஆகவே, பெற்றோர்களே, வீட்டுப் பெரியவரின் கண் மங்கினால் அரசு கிளினிக்கில் காட்டி, கண் நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் பெறுங்கள். எந்த முறையில் அறுவை செய்வார்கள், யார் செய்வார், நீரிழிவு கட்டுக்குள் உள்ளதா, விழித்திரை நலமாக உள்ளதா என்று தயங்காமல் கேளுங்கள். அறுவைக்குப் பின் கண்ணில் வலி, சிவப்பு, பார்வை மங்கல் தோன்றினால் மறுநாள்வரை காத்திராதீர்கள். ஓராண்டு ஈராண்டு கழித்துப் பார்வை மீண்டும் மங்கினால், புரை திரும்ப வளர்ந்துவிட்டதாக அஞ்ச வேண்டா. பெரும்பாலும் பின்னுறை மங்கியிருக்கும், லேசரால் சில நிமிடங்களில் சரிசெய்வர்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். கண்புரை முதியோர்க்கு மட்டும் உரியதன்று, குழந்தைக்கும் வரலாம். மாணவரின் கண்மணியில் வெண்மை தெரிந்தால் உடனே பெற்றோருக்கு அறிவியுங்கள். அது வேறு கொடிய நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

பெரியவர்களிடம் பேசும்போது அவர்தம் அச்சத்தை எள்ளி நகையாடாதீர்கள். “நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான் பாட்டி, அந்த ஊசி வேறு, இந்த வைத்தியம் வேறு” என்று தொடங்குங்கள். இந்த வரலாற்றைப் பேரப்பிள்ளைகளே எடுத்துச் சொன்னால் அவர்கள் செவிமடுப்பர் என்பது என் நம்பிக்கை.