தறாவா கண்ட தளபதி

போரினாற் புகழெய்தியோர் பலர். அப்புகழைப் பொருட்படுத்தாது போரைக் கண்டிக்கத் துணிந்தோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் ஐக்கிய அமெரிக்க மரீன் படைத் தளபதி டேவிட் ஷூப்.

1904ஆம் ஆண்டு இந்தியானா மாநிலத்தில் உழவர் குடும்பமொன்றிற் பிறந்த இவர், 1926இல் மரீன் படையிற் சேர்ந்தார். 1943 நவம்பர் 20ஆந் தேதி பசிபிக் சமுத்திரத்திலுள்ள தறாவாவில் அப்படை இறங்கிற்று. அத்தாக்குதலுக்குத் திட்டம் வகுத்தோருள் ஷூப்பும் ஒருவர். கடல் வற்றியிருந்தமையாற் படகுகள் பவளப்பாரில் தட்டி நின்றன. நீரில் நடந்து கரைநோக்கிய வீரர் பலர் யப்பானியரின் குண்டுகளுக்கு இரையாயினர். காலிற் காயமுற்றும் ஷூப் கரையில் நின்று படையை நடத்தினார். 76 மணி நேரத்தில் வெற்றி கிட்டிற்று. ஆயின் வென்றோருள்ளும் ஏறத்தாழ ஆயிரவர் மாண்டனர். நாட்டின் அதியுயர் வீரவிருதாகிய கௌரவப் பதக்கம் இவருக்குக் கிடைத்தது.

1960 முதல் 1963 வரை மரீன் படையின் தலைமைப் பதவியை வகித்து ஓய்வுபெற்றார். அதன்பின், 1966இல் லொஸ் ஏஞ்சல்சிலே மாணவர் கூட்டமொன்றில் வியட்நாம் யுத்தத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். தென்கிழக்காசியா முழுவதும் ஓர் அமெரிக்கனின் உயிருக்கு ஈடாகாதென்பது இவர் கருத்து. தம் நாட்டிற் போர்வேட்கை பெருகுவதைச் சாடி 1969இல் கட்டுரையும் வரைந்தார். இதனாற் பழைய தோழர் சிலரின் நட்பை இழந்தார், கொள்கையை இழந்தாரல்லர்.

1983இல் மறைந்த இவரைக் கோழையென எவரும் கூறற்கியலாது. போரின் விலையைத் தறாவாக் கரையிற் கண்ணாரக் கண்டவர் கூறிய சொல்லாதலின், அது வரலாற்றில் நிலைத்தது.