பழைய காரின் மின்பாகம் அசலா? பொறித்த எண்ணைப் பாருங்கள்

சிங்கப்பூரில் குறைந்தது 35 ஆண்டு பழமையான காரை, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ‘கிளாசிக்’ வாகனத் திட்டத்தில் பதிந்து, ஆண்டுக்கு 45 நாள்கள் வரை சாலையில் ஓட்டலாம். அப்பா, தாத்தா வைத்திருந்த மோரிஸ் மைனரையோ டொயோட்டாவையோ சீர்செய்து ஓட்ட விரும்புவோருக்கு இது ஒரு வாய்ப்பு.

உடலைத் தட்டிச் சாயம் பூசப் பட்டறைகள் உண்டு. சிக்கல் மின்பாகங்களில்தான். டைனமோ, ஸ்டார்ட்டர், காயில், டிஸ்ட்ரிபியூட்டர், ‘கட்-அவுட்’ பெட்டி ஆகியவை காரோடு வந்தவையா, பின்னர் மாற்றப்பட்டவையா என்பதை வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது. அவற்றில் பொறித்துள்ள எண்கள் சொல்லும்.

லூக்காஸ்: மூன்று விவரங்கள்

சிங்கப்பூரிலும் மலாயாத் தோட்டங்களிலும் ஓடிய மோரிஸ், ஆஸ்டின், லேண்ட் ரோவர் போன்ற பிரிட்டிஷ் வாகனங்களின் மின்பாகங்களில் பெரும்பாலானவை பர்மிங்ஹமைச் சேர்ந்த லூக்காஸ் நிறுவனத்தின் தயாரிப்புகள். அவற்றில் பொதுவாக மூன்று விவரங்கள் இருக்கும்.

முதலாவது, மாதிரிக் குறியீடு. சி40 என்றால் டைனமோ, ஆர்பி106 என்றால் கட்-அவுட் பெட்டி, 25டி4 என்றால் டிஸ்ட்ரிபியூட்டர். இரண்டாவது, ஐந்து இலக்கப் பாக எண். ஒரே மாதிரியானாலும் காருக்குக் கார் இந்த எண் மாறும். பாகம் உங்கள் காருக்குரியதா என்பதை உறுதிசெய்வது இதுதான்.

மூன்றாவது, தேதி. பழைய பாகங்களில் மாதமும் ஆண்டும் இருக்கும். ‘7 62’ என்றால் 1962 ஜூலை. பின்னர் வந்தவற்றில் வாரமும் ஆண்டும் நான்கு இலக்கமாகச் சேர்ந்திருக்கும். ‘2868’ என்றால் 1968ஆம் ஆண்டின் 28வது வாரம், அதுவும் ஜூலைதான். நான்கு இலக்கத்தில் முதல் இரண்டும் 12ஐத் தாண்டினால் அது மாதமாக இருக்க முடியாது, வாரமே.

டைனமோவிலும் ஸ்டார்ட்டரிலும் எண்களை உருளை உடலில் தேட வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரில் உடலின் பக்கவாட்டிலும் காயிலில் அடிப்பகுதியிலும் பார்க்கலாம். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். பிறகு மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாளோ கம்பித் தூரிகையோ போட்டுத் தேய்த்தால் துருவோடு எண்ணும் போய்விடும்.

தேதியை ஒப்பிடுவது எப்படி?

ஒப்பிட வேண்டியது கார் தயாரான தேதியோடு, பதிவான தேதியோடு அல்ல. அசல் பாகத்தின் தேதி, கார் தயாரானதற்குச் சில வாரங்களோ மாதங்களோ முந்தியதாக இருக்கும். கார் தயாரான பிறகு வரும் தேதி இருந்தால், பாகம் மாற்றப்பட்டது உறுதி. பிரிட்டிஷ் கார்கள் பலவற்றின் தயாரிப்புத் தேதிச் சான்றிதழை இங்கிலாந்திலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அரும்பொருளகம் கட்டணத்திற்கு வழங்குகிறது.

உள்ளூரில் பூட்டப்பட்ட கார்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. புக்கிட் தீமாவில் 1941ல் திறக்கப்பட்ட ஃபோர்டு தொழிற்சாலை 1980 வரை இயங்கியது. இத்தகைய ஆலைகளுக்கான பாகங்கள் பெட்டிகளில் கப்பலேறி வந்து இங்கே பூட்டப்பட்டன. ஆகவே பாகத்தின் தேதிக்கும் கார் வெளிவந்த தேதிக்கும் இடைவெளி சற்றுக் கூடுதலாக இருந்தால், உடனே போலி என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஜப்பானிய, ஜெர்மன் பாகங்கள்

டொயோட்டா வைத்திருப்போருக்கு எளிய வழி ஒன்று உண்டு. நிப்பான்டென்சோ நிறுவனம் 1996ல் தன் பெயரை டென்சோ என மாற்றிக்கொண்டது. 1980களின் காரில் ‘டென்சோ’ என்று மட்டும் எழுதிய ஆல்டர்னேட்டர் இருந்தால் அது பின்னால் மாட்டியது. டொயோட்டா பாக எண் 27020 எனத் தொடங்கினால் ஆல்டர்னேட்டர், 28100 என்றால் ஸ்டார்ட்டர்.

ஜெர்மன் கார்களில் பாஷ் பாகங்களே மிகுதி. அதன் பத்து இலக்க எண் 0 001 எனத் தொடங்கினால் ஸ்டார்ட்டர், 0 120 என்றால் ஆல்டர்னேட்டர், 0 231 என்றால் டிஸ்ட்ரிபியூட்டர். ‘எஃப்டி’ என்ற எழுத்துகளை அடுத்துவரும் இலக்கங்கள் தயாரிப்புத் தேதியைக் குறிக்கும். அவை சங்கேத இலக்கங்கள் என்பதால் பாஷ் அட்டவணையோடு ஒப்பிட்டே படிக்க வேண்டும்.

சென்னை பாடியின் லூக்காஸ்

லூக்காஸ் பெயருள்ள எல்லாமே இங்கிலாந்திலிருந்து வந்தவை அல்ல. 1961ல் டிவிஎஸ் குழுமத்தோடு சேர்ந்து உருவான லூக்காஸ்-டிவிஎஸ், சென்னை பாடியில் மின்பாகங்களைத் தயாரித்துவருகிறது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடிப்படையாகக் கொண்ட அம்பாசடர் கார் 2014 வரை இந்தியாவில் தயாரானதால், பழைய பிரிட்டிஷ் கார்களை ஓடவைக்க ஊரிலிருந்து பாகம் தேடுவோர் உண்டு. இந்தியத் தயாரிப்பு என்று பொறித்த பாகம் போலி அல்ல. ஆனால் இங்கிலாந்தில் தயாரான காருக்கு அது அசலும் அல்ல. ஓட்டுவதற்கு வாங்கலாம், அசல் விலை கொடுத்து வாங்கக்கூடாது.

மூல லூக்காஸ் நிறுவனம் 1996ல் வேரிட்டி நிறுவனத்தோடு இணைந்தது. இன்று புதுப் பெட்டியில் லூக்காஸ் பெயரோடு வருபவை, அந்தப் பெயரை உரிமம் பெற்றுப் பயன்படுத்தும் தயாரிப்புகள்.

தவறினால் செலவு

பாகத்தின் காலத்தை அறிவது அழகுக்காக மட்டுமன்று. மோரிஸ் மைனரில் 1971ல் உற்பத்தி முடியும்வரை பேட்டரியின் நேர்முனைதான் காரின் உடலோடு இணைக்கப்பட்டது. எம்ஜிபி காரில் 1967 இறுதியில் அது எதிர்முனைக்கு மாறியது. முனை பார்க்காமல் பிந்திய கால ஆல்டர்னேட்டரையோ மின்னணுப் பாகத்தையோ மாட்டினால், சாவியைத் திருப்பும் முன்பே அது கருகிவிடக்கூடும்.

பழைய பாகங்கள் கிடைக்கும் இடங்களும் குறைந்துவிட்டன. 1930களில் தொடங்கிய சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. அதனால் காரைப் பட்டறையில் விடும்முன் ஒவ்வொரு பாகத்தின் எண்ணையும் படமெடுத்து வைப்பது நல்லது. கழற்றிய பாகத்தைத் திருப்பித் தருமாறு மெக்கானிக்கிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஓடாத டைனமோவுக்குக் கம்பி சுற்றிப் புதுப்பிக்கலாம். பழைய இரும்புக்குப் போய்விட்டால், காரின் தேதியோடு ஒத்துப்போகும் இன்னொன்றைத் தேடிப் பிடிப்பது எளிதல்ல.