டெய்சி: குழந்தைகளோடு வளர்க்க ஒரு பூச்செடி

டெய்சி என்பது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த பல பூச்செடிகளுக்குப் பொதுவாக வழங்கும் பெயர். நடுவே மஞ்சள் வட்டு, சுற்றிலும் வெள்ளை இதழ் வரிசை என்பது இவற்றின் பொது அடையாளம். அடைமொழி இல்லாமல் டெய்சி என்றால், ஐரோப்பியப் புல்வெளிகளில் தானாகவே முளைக்கும் பெல்லிஸ் பெரெனிஸ் என்னும் சிறு செடியையே குறிக்கும். லின்னேயஸ் 1753இல் இட்ட பெயர் அது. வீட்டுத் தோட்டங்களில் நட்டு வளர்ப்பது பெரும்பாலும் சாஸ்தா டெய்சி.

குழந்தைகளின் முதல் செடியாக டெய்சியைத் தேர்ந்தெடுப்பதற்கு அதன் அழகை விட வலுவான காரணம், அது பிஞ்சுக் கைகளைத் தாங்கும் என்பதுதான். புல்வெளி டெய்சியின் இலைகள் தரையோடு தரையாகப் படர்ந்திருப்பதால் மிதித்தாலும், புல்லோடு சேர்த்து வெட்டினாலும் மறுபடி துளிர்க்கும். பூவைப் பறிக்கப் பறிக்க அடுத்த மொட்டு எழும்பும். இங்கிலாந்தில் குழந்தைகள் இந்தப் பூவில் மாலை கோப்பார்கள். காம்பின் அடிப்பக்கம் நகத்தால் சிறு கீறல் இட்டு, அதற்குள் அடுத்த பூவின் காம்பை நுழைத்து இழுத்தால், பூத்தலை கீறலில் மாட்டிக்கொள்ளும். நாரும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். பொழுது சாய்ந்ததும் இப்பூ குவிந்துவிடும். காலையில் மறுபடி விரியும். இதைத் தாமே கண்டுபிடிக்கும்படி குழந்தைகளை விட்டுவிடுவது நல்லது.

சாஸ்தா டெய்சியை உருவாக்கியவர் அமெரிக்கத் தாவர வளர்ப்பாளர் லூதர் பர்பாங்க். மாசசூசெட்சில் பிறந்து கலிஃபோர்னியாவில் குடியேறிய அவர், சிறுவயதில் சாலையோரங்களில் கண்ட காட்டு டெய்சியை 1884 வாக்கில் கலப்பினம் செய்யத் தொடங்கினார். ஐரோப்பிய இனங்களோடு கலந்து, கடைசியில் தூய வெண்மைக்காக ஜப்பானிய இனம் ஒன்றையும் சேர்த்தார். 1901இல் செடி வெளியானது. கலிஃபோர்னியாவின் பனி மூடிய சாஸ்தா மலையின் பெயரே அதற்கும் வந்தது. இரண்டு, மூன்று அடி உயரம் வளரும் பல்லாண்டுச் செடி இது.

வளர்ப்பில் சிக்கல் அதிகமில்லை. நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடமும், நீர் தேங்காத மண்ணும் போதும். மக்கிய தொழுவுரத்தை மண்ணில் கலந்து மேற்பரப்பைச் சமப்படுத்தி, விதையை மேலாகத் தூவி, மெல்லிய மண் தூவலோடு நிறுத்த வேண்டும். ஆழப் புதைத்தால் முளைக்காது. விதை மிகச் சிறியது. உலர்ந்த மணலோடு கலந்து கொடுத்தால் குழந்தைகள் ஒரே இடத்தில் கொட்டிவிட மாட்டார்கள். தண்ணீரைப் பூவாளியால் தெளிக்க வேண்டும். குவளையால் ஊற்றினால் விதை அடித்துக்கொண்டு போகும். பத்து முதல் இருபது நாளில் முளை தெரியும். நாற்றுகளை ஓர் அடிக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளி விட்டு நட வேண்டும். பெரும்பாலான வகைகள் அடுத்த ஆண்டுதான் நன்றாகப் பூக்கும். ஆகவே பொறுமை குறைந்த சிறு பிள்ளைகளுக்கு விதையோடு, வளர்ந்த நாற்று ஒன்றிரண்டும் வாங்கிக் கொடுப்பது உத்தமம்.

இடத்தையும் குழந்தைக்கே சொந்தமாகக் கொடுக்க வேண்டும். ஜெர்மனியின் பிளாங்கன்பர்க்கில் 1837இல் மழலையர் கல்வியைத் தொடங்கிய ஃபிரெட்ரிக் ஃபுரோபல், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பாத்தி ஒதுக்கும் முறையைக் கைக்கொண்டார். பெரியவர்கள் பின்னாலேயே வந்து திருத்தும் பாத்தியில் குழந்தைக்கு ஈடுபாடு வராது.

பூ மலர்ந்த பின்தான் உண்மையான பாடம் தொடங்குகிறது. டெய்சி ஒரு பூ அல்ல. நூற்றுக்கும் மேற்பட்ட பூக்களின் கூட்டம். ஒரு தலையைப் பிய்த்து வெள்ளைத்தாளில் பரப்பி, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கச் சொல்லுங்கள். இதழ் என்று நினைத்த வெள்ளை நாக்கு ஒவ்வொன்றும் தனித்தனிப் பெண்பூ. அதன் அடியில் இரண்டாகப் பிளந்த சூல்முடி நீட்டிக்கொண்டிருக்கும். நடுவட்டின் மஞ்சள் புள்ளிகள் ஐந்து முனை கொண்ட சிறு குழல்கள். அவை ஓரத்திலிருந்து உள்நோக்கி, வளையம் வளையமாக மலரும். நடுவில் இன்னும் திறவாத மொட்டுகள் இருக்கும். வட்டில் வலமும் இடமும் சுழலும் வரிகளை எண்ணினால் பெரும்பாலும் 21, 34 போன்ற எண்கள் கிடைக்கும்.

வாடிய தலைகளைக் கிள்ளிவிட்டால் பூக்கும் காலம் நீளும். இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சாஸ்தாத் தூரைத் தோண்டிப் பிரித்து நடாவிட்டால் நடுப்பகுதி பட்டுப்போகும். நத்தைகளை அந்தி நேரத்தில் கையால் பொறுக்குவதும், அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சி விரட்டுவதும் பிள்ளைகளுக்கு ஏற்ற வேலைகள். பூச்சிமருந்தை அவர்கள் கையில் கொடுக்கவே கூடாது. இக்குடும்பச் செடிகளின் சாறும் மகரந்தமும் சிலருக்கு ஒவ்வாமை தரும். அத்தகைய குழந்தைக்குக் கையுறை அவசியம்.

டெய்சி குளிர்நிலச் செடி. நீலகிரி, கொடைக்கானல், நுவரெலியா போன்ற மலைப்பகுதிகளில் செழிக்கும். சமவெளியின் கோடை வெயிலில் நிலைக்காது. சமவெளியில் இருப்போர் டெய்சி விதைக்குச் செலவழிக்க வேண்டாம். வரப்போரத்துக் கரிசலாங்கண்ணியும் வெட்டுக்காயப்பூண்டும் இதே குடும்பம். உருப்பெருக்கியில் காட்டும் பாடத்தை அவற்றிலேயே காட்டலாம். விதைத்து வளர்க்கச் சூரியகாந்தி இருக்கிறது: ஒரு வாரம், பத்து நாளில் முளைத்து, இரண்டு மூன்று மாதத்தில் பூத்துவிடும்.