கிண்டர் ஸ்கௌட்: ஒரு மலையும் நடப்பதற்கான உரிமையும்

இங்கிலாந்தின் மலைப் பகுதிகளுக்குச் செல்லும் பயணிகளுக்கென்று வழிகாட்டி நூல்கள் நீண்ட பட்டியல்களை வைத்திருக்கின்றன. பீக் டிஸ்ட்ரிக்ட் என்றால் சாட்ஸ்வர்த் மாளிகை, காசில்டன் குகைகள், பேக்வெல் ஊரின் இனிப்புப் பண்டம் ஆகியவை அவற்றில் தவறாமல் இடம்பெறும். பட்டியலின் கடைசியில் 'நடைப்பயணம்' என்றொரு சொல்லும் இருக்கும். இப்பகுதியின் வரலாற்றை அறிய விரும்புவோர் அந்தக் கடைசிச் சொல்லிலிருந்து தொடங்குவதே முறை. அந்த நடைக்காக இங்கே மனிதர்கள் சிறை சென்றிருக்கிறார்கள்.

மேற்கே மான்செஸ்டர், கிழக்கே ஷெஃபீல்ட் என்ற இரு தொழில் நகரங்களுக்கு நடுவே கிடப்பது இம்மலைநாடு. இதன் தென்பகுதியில், கிராம்ஃபோர்ட் என்னும் சிற்றூரில், 1771இல் ரிச்சர்ட் ஆர்க்ரைட் நீர்விசையால் இயங்கும் பருத்தி நூற்பாலையை நிறுவினார். அந்த ஆலைக் கட்டடங்களை இன்றும் சென்று பார்க்கலாம்; டெர்வென்ட் பள்ளத்தாக்கு ஆலைகள் 2001இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன. சிறுவர்களும் பெண்களும் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரம் உழைத்த அந்த ஆலைமுறைதான் பின்னர் மான்செஸ்டரைப் புகை மண்டிய பெருநகரமாக்கியது. அங்கே பெருகிய தொழிலாளர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றே ஓய்வு. 1894இல் ஹோப் பள்ளத்தாக்கு வழியே ரயில் பாதை வந்தபின், அந்த ஒரு நாளில் மலைக்கு வந்து திரும்புவது அவர்களுக்கு எளிதாயிற்று.

மலை இருந்தது, ஆனால் ஏற வழியில்லை. முன்பு ஊர்ப் பொதுநிலமாக இருந்த மேட்டு நிலங்கள் நாடாளுமன்றச் சட்டங்களின் துணையோடு வேலியிடப்பட்டுத் தனியார் வசமாகியிருந்தன. ஹெதர் புதர்கள் மண்டிய அந்நிலங்களில் க்ரௌஸ் எனப்படும் காட்டுக்கோழி வகைப் பறவைகளை வேட்டைக்கென்றே பேணினர். ஆண்டில் சில நாட்களே துப்பாக்கி ஒலிக்கும்; காவலர்களோ ஆண்டு முழுவதும் தடியுடன் நிற்பார்கள். இப்பகுதியின் மிக உயரமான கிண்டர் ஸ்கௌட்டும் (636 மீட்டர்) அவ்வாறே அடைபட்டுக் கிடந்தது. அதன் பெரும்பகுதி, சாட்ஸ்வர்த் மாளிகைக்கு உரிமையாளரான டெவன்ஷயர் கோமகனுக்குச் சொந்தம். மலைகளைத் திறந்துவிடக் கோரும் மசோதாக்கள் 1884 முதலே நாடாளுமன்றத்துக்கு வந்து தோற்றுக்கொண்டிருந்தன.

1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. ஹேஃபீல்ட் கிராமத்தை அடுத்த பௌடன் பிரிட்ஜ் கல்குவாரியில் சுமார் 400 பேர் கூடினர். அவர்களிடையே பேசியவர் பென்னி ராத்மன், வயது இருபது. இடதுசாரித் தொழிலாளர் விளையாட்டுக் கூட்டமைப்பொன்றைச் சேர்ந்தவர். கூட்டம் பாடிக்கொண்டே வில்லியம் கிளஃப் ஓடை வழியாக ஏறியது. வழியில் காவலர்களுடன் கைகலப்பு நேர்ந்தது. காவலர் ஒருவருக்குக் கணுக்காலில் அடிபட்டது. கூட்டம் ஊர் திரும்பியபோது போலீசார் காத்திருந்தனர்.

பிறர் நிலத்தில் கால் வைப்பது அன்றைய சட்டப்படி குற்றவியல் குற்றமன்று, உரிமையியல் வழக்குக்குரிய மீறல் மட்டுமே. எனவே கைதானவர்கள் மீது கலகம், தாக்குதல் போன்ற குற்றங்கள் சாட்டப்பட்டன. டெர்பியில் நடந்த விசாரணையின் முடிவில் ஐவருக்கு இரண்டு முதல் ஆறு மாதங்கள் வரை சிறை. ராத்மனுக்கு நான்கு மாதம்.

பழைய நடைச் சங்கங்களின் தலைவர்கள் பலர் இந்த அத்துமீறலை ஆதரிக்கவில்லை என்பதையும் நாம் பதிவு செய்ய வேண்டும். பல்லாண்டுப் பேச்சுவார்த்தை இதனால் கெட்டுவிடும் என்று அவர்கள் அஞ்சினர். சட்டம் மாறியதற்கு அந்த ஒருநாள் ஏற்றம் எவ்வளவு காரணம் என்பது இன்றும் விவாதத்துக்குரியது. ஆனால் தண்டனையின் கடுமை பொதுமக்களின் மனத்தை மாற்றியது. அதே ஆண்டு வின்னட்ஸ் கணவாயில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951இல் பீக் டிஸ்ட்ரிக்ட் நாட்டின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. 1965இல் ஈடேல் கிராமத்திலிருந்து பென்னைன் வே நெடும்பாதை திறக்கப்பட்டது. திறந்த மேட்டு நிலங்களில் பாதையை விட்டும் நடக்கலாம் என்ற உரிமை 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் கிடைத்தது. 2002இல், எழுபதாம் ஆண்டு நினைவுக் கூட்டத்தில், பதினோராவது டெவன்ஷயர் கோமகன் தம் பாட்டனார் காலத்துச் செயலுக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். ராத்மன் அதைக் கேட்க இல்லை; அவ்வாண்டு ஜனவரியில் மறைந்திருந்தார்.

இங்கு செல்லும் வாசகர்கள் சாட்ஸ்வர்த்தையும் பார்க்கட்டும். அதன் ஓவியங்களும் தோட்டமும் பார்க்கத் தக்கவையே. மறுநாள் ஹேஃபீல்டுக்குச் செல்லட்டும். கல்குவாரியின் சுவரில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. அதைப் படித்துவிட்டு அதே ஓடை வழியாக ஏறலாம். மேலே கூரிய சிகரம் எதுவும் இல்லை, பரந்த சமதளமே உண்டு. மக்கிய கருமண் நிலம் அது. நூற்றாண்டு காலத் தொழிற்சாலைப் புகை அதன் பாசியை அழித்தது. இப்போது மெல்ல மீட்டு வருகிறார்கள். ஆகவே, எங்கும் நடக்கும் உரிமை இருந்தாலும், கல் பாவிய பாதையில் நடப்பதே அந்த மண்ணுக்கு நல்லது.

இங்கிலாந்தின் மொத்த நிலப்பரப்பில் இவ்வாறு விருப்பம்போல் நடக்க உரிமையுள்ளது ஏறத்தாழ 8 சதவீதம் மட்டுமே. கிண்டரில் தொடங்கிய வழக்கு மற்ற நிலங்களில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.