சிறைப்பட்டவன் சொன்ன செய்தி

இரண்டாம் உலக யுத்தத்தின்போது பெங்களூர் ஒரு பெரும் பாசறையாக விளங்கியது. 1941 முதல், ஆப்பிரிக்கப் போர்க்களங்களில் பிடிபட்ட இத்தாலியர் பல்லாயிரவர் இங்கே கொண்டுவரப்பட்டு முள்வேலிக்குள் வைக்கப்பட்டனர். ஆனால் பர்மா வழியாக இந்தியாவை நெருங்கிய பகைவனோ ஜப்பானியன். அவனைப் பெங்களூர் பெரும்பாலும் காதினாலேயே அறிந்தது. டில்லி ஆனந்த பர்வதத்தில் இயங்கிய இரகசிய நிலையத்தின் கிளையொன்று இந்நகரில் அமர்ந்து, ஜப்பானியப் படையின் கம்பியில்லாத் தந்திச் செய்திகளை ஒற்றுக் கேட்டுவந்தது.

வானில் கேட்பவை சங்கேத எண்கள். எந்தப் படைப்பிரிவு எங்கே நகர்கிறது என்று அவற்றிலிருந்து ஊகிக்கலாம். அப்பிரிவினரின் பையில் அரிசி இருக்கிறதா, எத்தனை பேர் காய்ச்சலில் கிடக்கிறார்கள் என்பதை அங்கிருந்து வந்த மனிதன்தான் சொல்லவேண்டும். அந்த மனிதன் எளிதில் கிடைக்கவில்லை. சிறைப்பட்டு இழிவுடன் உயிர் வாழலாகாது என்பது, ராணுவ மந்திரி டோஜோ 1941 ஜனவரியில் வெளியிட்ட போர்வீரர் நெறி. 1944-ல் இம்பால், கோஹிமாப் போரில் 30,000-க்கு மேற்பட்ட ஜப்பானியர் மாண்டனர்; பிடிபட்டவரோ சில நூறு பேரே.

பிடிபட்டவருள் பயன்படக்கூடியவர்கள் டில்லிச் செங்கோட்டையிலிருந்த முப்படை விசாரணை நிலையத்திற்குச் சென்றனர். (நேதாஜியின் படையில் சேர்ந்த நம்மவர், மலேயாத் தமிழர் உட்பட, பலர் போர் முடிந்தபின் இத்தகைய விசாரணைக்கு உள்ளானதை நாம் மறப்பதற்கில்லை.) அமெரிக்காவில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்த இளைஞர்களும் அங்கே மொழி வல்லுநராய்ப் பணிபுரிந்தனர்.

விந்தை என்னவெனில், ஜப்பானியச் சிப்பாய் வாய் திறந்து பேசினான். சிறைப்படுவதே கூடாது என்று கற்பித்த மேலதிகாரிகள், சிறைப்பட்டால் எதை மறைக்கவேண்டும் என்று கற்பிக்கவில்லை! ஜப்பானில் நெடுங்காலம் பாதிரியாராயிருந்து பின் அமெரிக்கக் கடற்படை வீரரோடு பசிபிக் தீவுகளுக்குச் சென்ற ஷெர்வுட் மொரான், 1943-ல் எழுதிய குறிப்பில், கைதியின் காயத்தை முதலில் விசாரி, படையைப் பற்றிப் பிறகு கேள் என்ற கருத்தை வற்புறுத்தினார். பயன் கருதிய பரிவுதான் அது. ஆயினும் அடியினால் பெறும் பேச்சைவிட நம்பத்தக்க செய்தியை அது தந்தது என்றே நாம் கொள்கிறோம்.

ஆஸ்திரேலிய முகாம்களுக்குப் போன ஜப்பானியர் பலர் பொய்ப்பெயர் கொடுத்தனர். தாம் உயிரோடிருக்கும் செய்தி ஊருக்குப் போய்ச் சேரக்கூடாது என்பது அவர்கள் கவலை.